தீர்த்தம் தெளித்த ஒப்பந்தம்

முப்பத்தோரு வருடம் பரீட்சை ஹாலில் நின்றவள் நான். எந்தப் பெண் கைக்குட்டையை அடிக்கடி தொடுகிறாள், எவளுக்குத் திடீரென்று தாகம் எடுக்கிறது என்று பார்த்துப் பார்த்தே கண் இப்படி ஆகிவிட்டது. காய்கறிக்காரர் தராசைத் தூக்கினால் அவர் சுண்டுவிரலைப் பார்ப்பேன். அப்பேர்ப்பட்ட நான், என் வாழ்க்கையின் பெரிய காகிதத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

மயிலாப்பூரில் கடலோரப் பக்கம் எங்களுக்கு ஒரு பழைய வீடு இருந்தது. அதை இடித்து அடுக்குமாடி கட்ட ஒரு பில்டரிடம் கொடுத்தோம். நிலம் எங்களுடையது, கட்டுவது அவர், வீடுகள் ஆளுக்குப் பாதி. நான் கேட்டது ஒன்றே ஒன்று. நாங்கள் குடியிருக்கப் போகும் வீடு தரைத்தளத்தில் இருக்க வேண்டும். என் கணவருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விளங்காமல் போயிருந்தன. ஞாயிற்றுக்கிழமை சக்கர நாற்காலியில் பூசைக்குப் போய்வருவதுதான் அவருக்கு மிச்சமிருந்த வெளியுலகம்.

பில்டரும் எங்கள் மாதா கோயில் ஆள்தான். பூசையில் காணிக்கைப் பை ஏந்தி வருபவர். அடிக்கல் போட்ட அன்று ஃபாதர் வந்து ஜெபம் செய்தார். கல், மணல், கடப்பாரை எல்லாவற்றின் மேலும் தீர்த்தம் தெளித்தவர், மேசையில் கிடந்த ஒப்பந்தத்தின் மேலும் தெளித்தார். அதன் பிறகு அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் படிப்பது ஃபாதரையே சந்தேகப்படுவது போல இருந்தது. ஈரம் போக விசிறிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

கட்டி முடித்ததும் பில்டர் எங்களுக்கு இரண்டாம் மாடியைக் காட்டினார். "லிஃப்ட் கீதே டீச்சர், அப்புறம் இன்னா?" என்றார். அந்த லிஃப்டுக்குள் சக்கர நாற்காலி நுழையவில்லை. அன்றைக்குத்தான் ஒப்பந்தத்தைப் படித்தேன். தரைத்தளம் 'இயன்றவரை' தரப்படும் என்று இருந்தது. தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் நடுவரிடம் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று இன்னொரு ஷரத்தும் இருந்தது.

தரைத்தள வீடு அப்போது விற்காமல் பூட்டித்தான் கிடந்தது. "கோர்ட்டு எதுக்கு டீச்சர்? ஆர்பிட்ரேஷன் போலாம். நாலஞ்சு மாசத்துல முடிஞ்சிடும்" என்று பில்டரே சொன்னார்.

கேட்காமலே பென்சில் டப்பாவைத் திறந்து காட்டும் பெண்ணைத்தான் நான் முதலில் சோதிப்பேன். இவருக்கு ஏன் இத்தனை அவசரம்? நடுவராக வரப்போகிறவர் யாருக்கு வேண்டியவர்? கோர்ட் என்றால் நாலு பேர் பார்க்க நடக்கும். கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற இடத்தில் எனக்கு என்ன நியாயம் கிடைக்கும் என்று தோன்றியது.

தியாகராய நகரில், ஒரு புடவைக் கடைக்கு மேலே அலுவலகம் வைத்திருந்த வக்கீலைப் போய்ப் பார்த்தேன். "இந்த ஷரத்து இருக்கிறதால, கேஸ் போட்டாலும் திருப்பி அனுப்பிடுவாங்கம்மா. அவங்க சொல்ற நடுவர் வேண்டாம்னா, பொதுவா ஒருத்தரைப் போடச் சொல்லி ஹைகோர்ட்டைக் கேட்கலாம்" என்றார். பேச்சின் நடுவே அவர் போன் அடித்தது. எடுக்காமல் குப்புறக் கவிழ்த்து வைத்தார். பில்டர்தான் கூப்பிடுகிறார் என்று முடிவு கட்டி, ஃபைலை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். அடுத்துப் பார்த்த வக்கீல், "கேஸ் தாராளமா போட்டுடலாம் மேடம்" என்றார். அவர் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

வாய்தா வாய்தாவாக இரண்டு வருடம் போயிற்று. தரைத்தளத்தை விற்கத் தடை கேட்ட மனுவும் அந்த வாய்தாக்களிலேயே கிடந்தது. வேறு வழியில்லாமல் இரண்டாம் மாடியிலேயே குடியேறியிருந்தோம். ஃபாதர் மாதம் ஒருமுறை நற்கருணையை மாடிக்கே கொண்டுவந்தார். ஞாயிறு காலை கோயில் மணி கேட்டால் என் கணவர் சட்டையை எடுத்து ஒற்றைக் கையால் பொத்தான் போடுவார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கழற்றிவிடுவார். இதற்கிடையில் தரைத்தளத்தை ஒரு பல் டாக்டர் வாங்கிக் கிளினிக் வைத்தார். கடைசியில் கோர்ட், ஷரத்து இருப்பதால் நடுவரிடமே போகச் சொல்லிவிட்டது.

ஹைகோர்ட் நியமித்த நடுவர், ஓய்வுபெற்ற நீதிபதி. அடையாறில் ஒரு மாடி அறையில் விசாரணை. முதல் நாளே பில்டரின் வக்கீல் அவரிடம், "முட்டி வலி தேவலையா சார்?" என்று கேட்டார். அதையும் டைரியில் குறித்துக்கொண்டேன். நடுவரோ எல்லாவற்றையும் வரிவரியாகப் படித்திருந்தார். "கீழ் வீடு பூட்டிக் கிடந்தப்பவே ஏம்மா இங்க வரல? விக்கக் கூடாதுன்னு அப்பவே நிறுத்தி வெச்சிருக்கலாமே" என்றார்.

"யாரை நம்பறதுன்னு தெரியல சார்" என்றேன். சொல்லும்போதே கூசியது.

ஐந்தே மாதத்தில் தீர்ப்பு வந்தது. தவறு பில்டர் மேல்தான் என்று எழுதியிருந்தார். ஆனால் பல் டாக்டர் விவரம் தெரியாமல் வாங்கியவர், அவரைக் காலி செய்யச் சொல்ல முடியாது, அதனால் எங்களுக்கு நஷ்ட ஈடு. பில்டர் நல்லெண்ணத்தில்தான் நடுவரிடம் போகலாம் என்றாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் என் மேல் வந்த ஆத்திரம் போல வேறு யார் மேலும் எனக்கு வந்ததில்லை.

வீட்டுக்கு வந்து, கட்டிலருகே உட்கார்ந்து தீர்ப்பு முழுவதையும் கணவருக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"கீழ எறங்கறதுக்கு எதுனா எழுதியிருக்கா?" என்றார்.

"இல்ல" என்றேன்.

"சரி, மடிச்சு வை" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.