ஏழு என்றால் ஏழு

ஒலிபெருக்கியில் போட்ட தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்து, வெர்னா அத்தை கையுறையின் செம்மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் தங்கை லெட்டீஷாவின் கைக்குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் ஏன் வரவில்லை என்று நகரத்துப் பதிவு அலுவலகப் பெண் விளக்கினாள். தாயின் மூத்த பிள்ளைகள் என்ற கட்டத்தில் ஏழு பெயர்கள். மருத்துவமனைக் குறிப்பில் இரண்டுதான். அதை நான் எங்கள் வார்ல்பிரி மொழியில் அத்தைக்குச் சொன்னேன்.

“ஏழுதான்,” என்றாள் அத்தை.

மற்ற ஐந்து பேரை யார் பெற்றது என்று கேள்வி வந்தது. தான்தான் என்றாள் அத்தை. அப்படியானால் அவர்கள் லெட்டீஷாவின் பிள்ளைகள் இல்லையே என்றாள் அந்தப் பெண்.

“அந்த ஆபீஸ் பொண்ணு தன் அம்மாவோட தங்கச்சிய எப்படிக் கூப்பிடுவாளாம், கேளு.”

கேட்டேன். ‘ஆன்ட்டி’ என்று பதில் வந்தது. எங்கள் மொழியில் அம்மாவின் தங்கையும் அம்மாதான். வேறு சொல் கிடையாது.

“பாவம், ஒரே ஒரு அம்மாதான் போல,” என்றாள் அத்தை.

இரண்டு என்று வாயால் சொன்னாலே இன்று பதிந்துவிடலாம் என்றது தொலைபேசி. ஆங்கிலத்தில் ஒரு சொல், நான் சொல்லியிருப்பேன். அத்தை என் உதட்டையே பார்த்தாள்.

“‘டூ’ எனக்கும் தெரியும், மருமகளே.”

ஏழு என்றேன். எழுத்தில் விளக்கம் கேட்டு அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

அத்தைக்கு ஊர்க் குப்பை லாரியில் வேலை. பின்னால் தொங்கிக்கொண்டு போவாள். ஓட்டுநர் நெல்சன் கியரைத் தப்பாகப் போட்டால் தகரத்தில் ஓங்கி அடிப்பாள்: “மூணுல போடுய்யா, வண்டி அழுவுது.” அவனைவிட நன்றாக ஓட்டுவாள். ஆனால் உரிமம் இல்லை. உரிமத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அவள் பிறந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் சாலையில் வண்டி ஓட்டி இரண்டு முறை பிடிபட்டு நீதிமன்றத்தில் நின்றிருக்கிறாள். “பொறந்ததுக்கு அத்தாட்சி கேட்டாங்க. எதுக்க நிக்கிறேனேன்னேன்.”

குழந்தைக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் படிவத்தை மூன்று முறை என்னை எழுதவைத்தாள். அதன் நகலைத் தூசி படாமல் ரொட்டி உறையில் வைத்திருக்கிறாள். ஐந்து பெயரை அடித்துவிடலாமா என்று லெட்டீஷா ஒருமுறை முணுமுணுத்தாள். “அடி. சாயங்காலம் அஞ்சு பேரும் சோத்துக்கு வருவாங்க. நீயே சொல்லிடு,” என்று அத்தை பேனாவை நீட்டினாள். லெட்டீஷா வாங்கவில்லை.

விளக்கக் கடிதத்தை எழுதி முடித்து, லெட்டீஷாவின் கையெழுத்துக்காகத் திருப்பினேன். அத்தை தாளின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“கீழ அஞ்சு வரி எடம் விடு, மருமகளே. பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வரட்டும். அம்மா யாருன்னு அதுங்களே எழுதட்டும்.”