அக்கா காக்க வைத்த பால்

அக்கா நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவரை நினைத்து இன்று இங்கே கூடியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். உடன்பிறந்தவர்களில் மிச்சமிருப்பவள் நான் ஒருத்திதான் என்பதால், அக்காவின் இளமைக் காலத்தை நான்தான் எழுத வேண்டும் என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். அக்காவின் நல்ல குணங்களை நீங்கள் அறிவீர்கள். அவர் செய்த ஒரு தவறையும், அதைவிடப் பெரிதாக நான் செய்த ஒன்றையும் அறியமாட்டீர்கள். அவற்றையும் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை முழுமையாகாது.

அக்கா கல்லாவியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்த பெண்ணாகப் பிறந்தார். பதினாறு வயதில் கல்யாணம். இரண்டாம் வருஷமே மாமா விஷக் காய்ச்சலில் போய்விட்டார். புகுந்த வீட்டார் அக்காவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூலையில் உட்கார வேண்டியவளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறானே என்று ஊரே பேசியது. அப்பா காதில் வாங்கவில்லை. அக்கா எட்டாம் வகுப்புத் தேறி, கிராம சேவிகா பயிற்சியும் முடித்தார். ஐம்பதுகளின் நடுவில் அஞ்செட்டி மலைப் பக்கம் நாட்றாம்பாளையத்தில் வேலை கிடைத்தது. வீடு வீடாகப் போய், குழந்தைகளுக்கு என்ன கொடுக்கலாம், எப்படிச் சுத்தமாகச் சமைக்கலாம் என்று தாய்மார்களுக்குச் சொல்லும் வேலை அது.

அப்போது என் கணவர் பட்டாளத்தில் இருந்தார். நான் ஒன்றரை வயது மகனோடு அக்காவுக்குத் துணையாகப் போய்த் தங்கினேன்.

அந்த ஊரில் கேழ்வரகுக் களியும் கொள்ளுச் சாறும்தான் சாப்பாடு. வேலியெல்லாம் முருங்கை இருந்தும் குழந்தைகளுக்குக் கீரை கொடுக்கமாட்டார்கள். பொழுது சாய்ந்தால் கண் தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கும் பிள்ளைகளை அங்கேதான் நான் முதலில் பார்த்தேன்.

"கீரை தின்னா பேதி புடுங்கும் சேவிகாம்மா" என்று மாரக்கா என்ற பெண் அக்காவிடம் சண்டைக்கே வந்தாள். வீட்டில் கன்னடம் பேசுகிறவள். நம் தமிழும் நன்றாகப் பேசுவாள்.

"கழுவாம ஆக்கினா புடுங்கும்தான். நீ கீரையப் பறிச்சிக் குடு. உன் அடுப்புலயே நான் ஆக்கறேன். மொதல்ல நான் திங்கறேன், அப்பறமா உம் பொண்ணுக்குக் குடு" என்றார் அக்கா.

அப்படியே செய்தார். மாரக்காவின் மகள் சென்னிக்கு மூன்று வயது. அந்த வீட்டில் கீரை நுழைந்த பிறகு மற்ற வீடுகளிலும் நுழைந்தது. தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது, களிம்பு ஏறிய பித்தளையில் புளிக்குழம்பு வைக்காமலிருப்பது என்று ஒவ்வொன்றாக அக்காவின் பேச்சு எடுபட ஆரம்பித்தது.

பிறகு அரசாங்கத்திலிருந்து பால் பவுடர் மூட்டைகள் வந்தன. தினமும் காலை எட்டு மணிக்கு, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் கரைத்து, பள்ளிக்கூட வாசலில் குழந்தைகளுக்குக் கொடுப்போம். கரைத்த பாலை உடனே கொடுத்துவிட வேண்டும், வைத்திருக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அக்காதான்.

கோடையில் ஒரு நாள் மேலதிகாரிகள் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. ஒன்பது மணிக்கு வருவார்கள், அவர்கள் முன்னால் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று அக்கா நினைத்தார். வழக்கம்போல் எட்டுக்கே கரைத்துவிட்டோம். ஒன்பது ஆயிற்று, பத்தும் ஆயிற்று. மலையேறும் வழியில் ஜீப் கோளாறாகி நின்றுவிட்டது எங்களுக்கு எப்படித் தெரியும்?

"அக்கா, குடுத்துடலாமா?" என்று இரண்டு தடவை கேட்டேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் பாப்பம். இவ்வளவு தூரம் வந்து வெறும் அண்டாவையா பாக்கணும் அவங்க?" என்றார்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. அக்கா அவர்களை வரவேற்கப் போனார். நான் அண்டாவைத் திறந்தேன். லேசாகப் புளித்த வாடை அடித்தது. கைக்குழந்தைக்காரியான எனக்கு அந்த வாடை தெரியாமல் இருக்குமா? ஆனால் பெரியவர்கள் எதிரில் அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லத் துணிவு வரவில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் ஊற்றினேன். என் மகனுக்கு மட்டும் ஊற்றவில்லை.

சாயங்காலத்துக்குள் பதினோரு குழந்தைகள் வாந்தியும் பேதியுமாய்ப் படுத்துவிட்டன. மற்றவர்கள் மறுநாளே எழுந்து உட்கார்ந்தார்கள். சென்னி மட்டும் எழவில்லை. கண் குழி விழுந்து, அழுதால் கண்ணீர்கூட வராமல் கிடந்தாள். டாக்டர் வேண்டுமென்றால் மலையிறங்க வேண்டும். ஆள் அனுப்பிவிட்டு, அக்கா அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். மாரக்கா கதவை மறித்தாள்.

"என்னாத்தக் கலக்கிக் குடுத்த எம் புள்ளைக்கு?"

"பவுடர் மேல தப்பில்ல மாரக்கா. காலைல கரைச்சத மத்தியானம் வரைக்கும் வெச்சிருந்து குடுத்தேன். ஆபீசருங்க பாக்கணும்னு நான்தான் காக்க வெச்சேன். என்னை அப்பறமா என்ன வேணா பண்ணு. இப்ப புள்ளைய என்கிட்ட குடு."

மாரக்கா கதவைவிட்டு விலகி வழி விட்டாள். அரிசி வடித்த கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டு, ஸ்பூன் ஸ்பூனாக, வாந்தி எடுத்தாலும் விடாமல் அக்கா ஊட்டிக்கொண்டே இருந்தார். மறுநாள் மதியம் டாக்டர் வந்து பார்த்தபோது சென்னி ஒன்றுக்குப் போய்விட்டு, பசிக்கிறது என்று அழுதுகொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து ஓர் அதிகாரி வந்தார். கெட்ட மனிதர் அல்ல. அக்காவின் வேலை போய்விடக் கூடாதே என்றுதான் சொன்னார்.

"புள்ளைங்க வீட்டுல இருந்து கொண்டாந்த டம்ளரு அழுக்குன்னு எழுதிக் குடுத்துடும்மா. யாரும் கேக்கமாட்டாங்க."

"அப்படி எழுதினா அந்தப் பொம்பளைங்க மேலல்ல பழி போவும்? இப்பத்தாங்க அவங்க பாத்திரத்த சுடுதண்ணில அலச ஆரம்பிச்சிருக்காங்க" என்றார் அக்கா. நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்தார். "நான் காக்க வைத்தேன்" என்றுதான் அதில் இருந்தது. என் பேர் எங்கேயும் இல்லை.

வேலை போகவில்லை. ஆனால் கண்டித்து உத்தரவு வந்தது. கூடப் பயிற்சி பெற்றவர்கள் மேலே போன பிறகும் அக்கா பல வருஷம் அதே பதவியில் இருந்தார். ஊரிலும் ஒரு மாதத்துக்குமேல் யாரும் பால் வாங்க வரவில்லை. முதலில் வந்தவள் மாரக்கா. சென்னியை இடுப்பில் வைத்துக்கொண்டு, "கண்ணெதிரே கரைச்சி உடனே குடு" என்றாள். அன்றிலிருந்து தாய்மார்கள் முறைவைத்து வந்து கூட நின்றே கரைத்தார்கள்.

அதற்குப் பிறகு அக்கா எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும், முதல் கூட்டத்தில் இந்தக் கதையைத்தான் சொல்வார். தன் தவறில் தொடங்குகிறவரிடம் தாய்மார்கள் தங்கள் தவறுகளை மறைக்கவில்லை. ஊசிப்போன குழம்பைச் சுடவைத்துக் கொடுத்தேன், ஈ மொய்த்த பண்டத்தைத் துடைத்துக் கொடுத்தேன் என்று அவர்களாகவே வந்து சொல்வார்கள். அக்கா யாரையும் திட்டியதில்லை.

ஓய்வுக்குப் பிறகு அக்கா ஓசூரில் என் மகன் வீட்டில் எங்களோடு இருந்தார். போன வருஷம் படுக்கையில் விழுந்தபோது, இத்தனை காலம் மனதில் வைத்திருந்ததை ஒரு மாலை அவரிடம் சொன்னேன். "அக்கா, அன்னைக்கிப் பாலு புளிச்சது எனக்குத் தெரியும். எம் புள்ளைக்கு மட்டும் குடுக்கல."

"தெரியும். அன்னைக்கே பாத்தேன். எல்லாப் புள்ளைங்க வாயிலயும் பாலு நுரை இருந்துது, உம் மவன் வாயில இல்ல" என்றார்.

"அப்பறம் ஏங்க்கா ஒரு வார்த்தை கேக்கல?" என்றேன்.

"காக்க வெச்சது நானு. உன்னைக் கேட்டிருந்தா என் தப்புல பாதிய உம்மேல தள்ளிட்டு நிம்மதியாத் தூங்கிடுவேன்னு பயந்தேன்."

பதினைந்து நாளில் அக்கா போய்விட்டார்.

அவரைக் கடைசிவரை கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட என் மகனுக்கும் மருமகளுக்கும், இரவு பகல் பாராமல் உதவிய நர்ஸ் அம்மாவுக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த பக்கத்து வீட்டுத் தெலுங்குக் குடும்பத்தாருக்கும், கல்லாவியிலிருந்து வந்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நாட்றாம்பாளையத்துத் தாய்மார்களில் யாரேனும் இருந்து இதை வாசிக்க நேர்ந்தால், அக்கா அன்று எழுதிக் கொடுத்த கடிதத்தில் விட்டுப்போன பேர் என்னுடையது. என்னை மன்னியுங்கள்.

இப்படிக்கு,
தங்கை