மீன்கொத்தியின் மூக்கில் ஒரு பொட்டு

என் அக்கா எழிலரசியின் புருஷன் கார்த்திகேசன், சிதம்பரத்தில் பல் செட் செய்து கொடுக்கிறவர். டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, யாருடைய வாய் என்றே தெரியாமல், அந்த வாய்க்குப் பொருந்தும்படி பல் வரிசை செய்வார். புவனகிரிப் பக்கம் கல்யாண வீட்டில் யாராவது முறுக்கு கடித்தால் உற்றுப் பார்ப்பார். தன் வேலையாக இருக்குமோ என்று சந்தேகம். நான்தான் அவரை இழுத்துக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார வைக்க வேண்டும்.

வாரமெல்லாம் அடுத்தவர் வாய்க்கு உழைக்கும் இந்த மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் விமானம் செய்ய வேண்டும். பறக்கிற விமானம் அல்ல, கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற சின்ன விமானம். அதுவும் உலகத்தில் இருந்த விமானத்தைச் செய்தாலாவது பரவாயில்லை. நடக்காத சண்டையில், இல்லாத படையில், பிறக்காத ஆள் ஓட்டிய விமானத்தைச் செய்வார். அதற்கு ஒரு சரித்திரமும் எழுதிக்கொள்வார். உலகமெங்கும் இப்படி ஒரு கூட்டம் இருக்கிறதாம். சிதம்பரத்தில் அந்தக் கூட்டம் இவர் ஒருவர்தான்.

போன வருஷம் அவர் செய்ததன் பெயர் மீன்கொத்தி. அதன் சரித்திரம் இது: நாற்பதுகளின் போரில் கடல்வழி அடைபட்டு, வெளியிலிருந்து ஒரு உதவியும் வராமல் போய்விட்டதாம். கடலூர்த் துறைமுகத்துத் தச்சர்களும் மெக்கானிக்குகளும் கூடி, தண்ணீரில் இறங்கும் விமானம் ஒன்றைத் தாங்களே கட்டிவிட்டார்களாம். இறக்கைக்குப் புவனகிரித் தறித் துணி. வெள்ளாறு கடலில் சேரும் இடத்திலிருந்து கிளம்பும். ஓட்டுகிறவர் சேத்தியாத்தோப்பு தட்சிணாமூர்த்தி, பஸ் டிரைவராக இருந்தவர். போரைத் தவிர இதில் ஒரு வரிகூட நடந்ததில்லை. ஆனாலும் மாமா சொல்லக் கேட்டால், தட்சிணாமூர்த்தி எங்களுக்குத் தூரத்துச் சொந்தமோ என்று எனக்கே தோன்றிவிடும்.

அந்த தட்சிணாமூர்த்தியை மாமா, பல் செட்டில் ஈறு செய்கிற பொடியிலேயே செய்தார். முகம் ரோஜா நிறத்தில் வந்து தொலைத்தது. கறுப்பு பூசி நம்ம ஊர் ஆளாக்க ஒரு மாதம் பட்ட பாடு பெரிய பாடு.

மாமா விமானம் செய்கிற மேஜைப் பக்கம் அக்கா வரவே மாட்டாள். ஆனால் காய் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பாள். அந்த ஆள் பறக்கப் போனால் சாப்பாடு என்ன கட்டிக்கொண்டு போவார் என்பாள். இத்தனை வயசாகியும் ஏன் கல்யாணம் செய்து வைக்கவில்லை என்பாள். மாமாவின் சரித்திரத்தில் அதெல்லாம் கிடையாது. எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்டால் மட்டும் உடனே சொல்வார்.

விஜயதசமி அன்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இந்த மாதிரிப் பொம்மைக்காரர்களுக்குக் கண்காட்சி நடக்கும். கப்பல், ரயில், விமானம் எல்லாம் வரும். தீர்ப்புச் சொல்கிற ராமாமிர்தம் பூதக்கண்ணாடியோடு வருவார். முதல் வருஷம் மாமாவின் விமானத்தைப் பார்த்துவிட்டு, வேலை சுத்தம், ஆனால் இது ஒருநாளும் பறந்த விமானம் மாதிரி இல்லை என்றார். அடுத்த வருஷமும் வார்த்தை மாறாமல் அதையே சொன்னார். மாமா எண்ணெய்க் கறை, புகைக் கறை, உப்புத் தண்ணீர்க் கறை என்று என்னென்னவோ பூசிப் பார்த்திருந்தார். ஒன்றும் எடுபடவில்லை.

"இந்த வருஷமும் அதயே சொன்னாருன்னா மேஜைய காலி பண்ணிடுறேன் மச்சான்," என்றார் என்னிடம். "அப்புறம் பல்லு மட்டுந்தான்."

சொன்னால் செய்கிற மனிதர். சிகரெட்டை அப்படித்தான் விட்டார். வார நாளில் அவரிடம் ஆமாம், இல்லை என்ற இரண்டு சொல்லுக்கு மேல் வாங்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை அந்த மேஜையில் உட்கார்ந்தால்தான் பேசுவார், சிரிப்பார். அந்த மேஜை போனால் என் அக்கா யாரோடு குடித்தனம் நடத்துவாள்?

ஆயுத பூஜை வந்தது. என் லோடு வண்டிக்கு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டுவிட்டு, பொரி கடலை வாங்கிக்கொள்ள அக்கா வீட்டுக்குப் போனேன். வீடு சந்தன வாசனையாக இருந்தது. மிக்ஸி, கிரைண்டர், அரிவாள்மணை, பல் தேய்க்கிற குட்டி மோட்டார், தூரிகைகள், பெயின்ட் டப்பாக்கள், எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் பொட்டோடு வரிசையாக இருந்தன. அவற்றின் நடுவே மீன்கொத்தி நின்றது. மூக்கில் சந்தனம். அதன்மேல் குங்குமம்.

மாமா குளித்துவிட்டு வந்து பார்த்தார். முந்தின நாள்தான் மேல்பூச்சு பூசிக் காயவைத்திருந்தார், அது சரியாகக் காயக்கூட இல்லை. ஈரத்துணியை எடுத்து மூக்கைத் துடைத்தார். சந்தனம் கரைந்தது. குங்குமம் கரையாமல், மூக்கிலிருந்து இறக்கை வரைக்கும் சிவப்பாக இழுத்துக்கொண்டு போனது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சரி, மறுபடி பூசிவிடலாமே என்றேன். எதை வைத்துப் பூசுவது? தூரிகை பூஜையில் இருக்கிறது. பொட்டு வைத்த சாமானை மறுநாள் காலை மறுபூஜை போடும்வரை வேலைக்கு எடுக்கக் கூடாது. எங்கள் வீடுகளில் இதில் விலக்கு கிடையாது. அந்தப் பூஜை முடிந்ததும் கடலூருக்குக் கிளம்பியாக வேண்டும். பூசிக் காயவைக்க நேரமே இல்லை.

அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. இத்தனை வருஷமாக அவள் எந்த விமானத்துக்கும் பொட்டு வைத்ததில்லை. பொம்மைக்கு எதற்கு என்று விட்டுவிடுவாள். ஏன் இதற்கு மட்டும் வைத்தாய் என்று மாமா கேட்டார். குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது.

"மத்ததெல்லாம் பொம்மை," என்றாள் அக்கா. "இது தட்சிணாமூர்த்தி ஓட்டுற வண்டி. ஒரு மொபெட்டுக்கே பொட்டு வெக்காம நாம சாவி போட மாட்டோம். சண்டைக்குப் போறத சும்மாவா அனுப்பிச்சிருப்பாங்க?"

மாமா அவளையே பார்த்தார். பிறகு மீன்கொத்தியைப் பார்த்தார். மூக்கிலிருந்து பின்னால் இழுத்த சிவப்பு, காற்று இழுத்துக்கொண்டு போனது போலத்தான் இருந்தது. அவருடைய சரித்திரத்தில் தறித் துணி உண்டு, எஞ்சின் உண்டு, வெடிமருந்துக் கணக்குகூட உண்டு. ஆயுத பூஜை இல்லை. கடலூர் மெக்கானிக்குகள் கட்டிய விமானத்தில் ஒரு பொட்டுக்கூட இல்லை. அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

அடுத்து எலுமிச்சம்பழப் பிரச்சினை கிளம்பியது. வண்டி என்றால் சக்கரத்தில் வைத்து நசுக்கலாம், இதற்குச் சக்கரமே இல்லை, இரண்டு மிதவைதான் என்றேன் நான். கட்டித் தொங்கவிடலாம் என்றாள் அக்கா. அந்த அளவுக்கு எலுமிச்சம்பழம் எத்தனை பெரிதாக இருக்கும் என்று கேட்டாள். மாமா கணக்குப் போட்டு, கசகசா அளவு என்றார். அவள் அடுக்களைக்குப் போய்க் கசகசாவையே கொண்டு வந்தாள். மஞ்சளில் புரட்டினாள். மிளகாய்க்குப் பதிலாக, மிளகாய்த்தூள் டப்பாவில் தோல் துணுக்குகளைப் பொறுக்கினாள். தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி, துளி கஞ்சியைப் பசையாக வைத்து, எல்லாவற்றையும் அதில் விரல் நகத்தாலேயே ஒட்டி, மாமா மேஜைக்கு எடுத்து வந்த மீன்கொத்தியின் மிதவையில் தொங்கவிட்டாள். பூஜையில் இருந்த ஒரு கருவியையும் எடுக்கவில்லை. மாமா மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் மேஜையில் அக்காவை நான் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன்.

மறுநாள் என் வண்டியில் கிளம்பினோம். மீன்கொத்தி அக்கா மடியில் இருந்தது. புதுச்சத்திரம் தாண்டி, சிப்காட் தாண்டி, ஒவ்வொரு வேகத்தடைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

மண்டபத்தில் ராமாமிர்தம் எங்கள் மேஜைக்கு வந்தார். சரித்திரத்தைப் படித்தார். பூதக்கண்ணாடியை மூக்குப் பக்கம் கொண்டுபோனார், மிதவைப் பக்கம் கொண்டுபோனார், மறுபடி மூக்குக்கே வந்தார். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வலித்தது, சொல்லவில்லை.

ராமாமிர்தம் நிமிர்ந்தார். "இது எந்த வருஷத்து ஆயுத பூஜைங்க?" என்று கேட்டார்.

சரித்திரப்படி நாற்பத்து மூன்று என்று சொல்ல வேண்டிய மாமா, சரித்திரத் தாளை எடுத்துத் தேட ஆரம்பித்தார்.

"நேத்துதாங்க," என்றாள் அக்கா.

ராமாமிர்தம் தலையாட்டி, அதையும் எழுதிக்கொண்டார். பறக்கவில்லை என்ற பேச்சே எடுக்கவில்லை. இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு நெய்வேலிக்காரர் ஒருவரின் கப்பலுக்குப் போனது, அது நியாயம்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது மாமா மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கிட்டே போய்ப் பார்த்தேன். பாதி மேஜையைத்தான் காலி செய்திருந்தார். அந்தப் பாதிக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். தட்சிணாமூர்த்திக்குப் பெண் பார்த்தாகிவிட்டதாம். பெயர் லோகநாயகி. அவளும் பைலட்டாம்.