லாசரஸின் கைராசி

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே லாசரஸுக்குக் கைராசிக்காரர் என்று பெயர். புதுக்கடை திறப்பவர்கள்கூட அவரை அழைத்து முதல் பொருளைத் தொடச் சொல்வார்கள். அந்தக் கையை நம்பித்தான், 1984இல் பொங்கோல் கடலோரம் கொடுவா மீன்குஞ்சு பொரிக்கும் பண்ணை தொடங்கிய ஹனீபா அவரைக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆறு தொட்டிகள். அவற்றில் மீன்முட்டைகளை விடும் நாளில் லாசரஸ்தான் முதலில் கை நனைப்பார். இரண்டு வருடம் குஞ்சுகளுக்குக் குறைவில்லை. தன் வலது கையை அவரே கொஞ்சம் மரியாதையோடுதான் பார்த்துக்கொள்வார்.

மூன்றாம் வருடத்தில், முதல் தொட்டிக் குஞ்சுகள் கறுத்து, ஒரே இடத்தில் வட்டமடித்தன.

“விளையாடுதுங்க பாய்,” என்றார் லாசரஸ்.

மறுநாள் எல்லாம் வயிறு உப்பி மிதந்தன. அவர் அள்ளிக் கொட்டி முடித்ததும் ஹனீபா சொன்னார்: “அடுத்த தொட்டியில ஒரு தடவ கைய வச்சிருங்க. அதுக்கு வராம இருக்கட்டும்.”

முழங்கைவரை வைத்தார். நாலு நாளில் இரண்டாவது தொட்டி வட்டமடித்தது. அதை அள்ளிவிட்டு மூன்றாவதில் வைத்தார். இப்படியே ஐந்துவரை போயிற்று.

ஆய்வுக்கூடத்திலிருந்து கண்மணி என்ற பெண் போத்தல்களோடு வந்தாள்.

“வைரஸ் அங்கிள். மருந்தெல்லாம் கிடையாது லா. ஆனா தண்ணிக் குழாய் தனித்தனியா இருக்கு, அப்புறம் எப்படி வரிசையாப் போகுது? யாரோதான் கொண்டுபோறாங்க.”

லாசரஸ் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை ஐந்தாவது தொட்டியை அள்ளி முடித்தார். ஆறாவதும் போனால் பண்ணையை மூட வேண்டியதுதான். அதில் குஞ்சுகள் இன்னும் வெள்ளியாக ஓடிக்கொண்டிருந்தன.

“வைங்க லாசரஸ்,” என்றார் ஹனீபா.

“வேணாம் பாய்.”

“இப்பப் போயி பிகு பண்றீங்களே.”

“என் கைதான் கொண்டுபோச்சு பாய். நான் தொட்ட வரிசையிலதான் எல்லாம் செத்துச்சு.”

ஹனீபா சிரித்தார். பிறகு லாசரஸின் ஈரக்கையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். “இந்தக் கையயா சொல்றீங்க? ஊரே நம்புற கை. அந்தப் பொண்ணு நேத்து வந்தவ.”

லாசரஸ் கையை உருவிக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

“சரி, உங்களுக்கு மனசில்லேன்னா விடுங்க. உங்க ராசி என் கையில கொஞ்சமாவது ஒட்டியிருக்கும்,” என்று ஹனீபா தொட்டியருகே குனிந்தார்.

“பாய், கையக் கழுவிட்டு…”

அதற்குள் தண்ணீர் ஹனீபாவின் சட்டைக்கையை நனைத்திருந்தது. அவர் கண்ணை மூடி ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். குஞ்சுகள் அவர் விரல்களைச் சுற்றிக் கூடின.