குட்டை நிறைந்த வருஷம்

'மதிப்பீட்டில் கற்ற பாடங்களைப் பகிர்ந்துகொள்ள வாருங்கள்' என்று எங்கிருந்தாவது அழைப்பு வந்துகொண்டே இருக்கிறது. பருவநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுக்க அரசு தீட்டும் திட்டங்கள் கிராமத்தில் என்ன ஆயின என்று போய்ப் பார்த்து எழுதுவதுதான் பல வருஷமாக என் பிழைப்பு. ஏசி அறை, முந்திரி பிஸ்கட், கொஞ்ச நேரப் பேச்சு. நானும் போகிறேன், தடுப்பணை, மரக்கன்று, சிறுதானிய விதை என்று பேசிவிட்டு வருகிறேன். வடக்கனந்தல் பக்கத்துக் குட்டையைப் பற்றி மட்டும் ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தாலே கோபம் வந்து எதிரே இருப்பவர் மேல் விழுந்து பிடுங்குவேன்.

அது ஒரு பண்ணைக்குட்டை. கல்வராயன் மலையில் பெய்கிற மழை ஓடையில் அடித்துக்கொண்டு ஓடிவிடும். அடிவாரத்து மேட்டு நிலம் காய்ந்தே கிடக்கும். இப்போதெல்லாம் பெய்தால் ஒரே கொட்டாகக் கொட்டுகிறது, விட்டால் மாதக்கணக்கில் எட்டிப் பார்ப்பதில்லை. கொட்டுகிறபோது நிலத்திலேயே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று அரசு குட்டை வெட்டிக் கொடுத்தது. நல்ல திட்டம். இன்றைக்கும் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அந்த நிலத்தில் பாடுபட்டது ஒரு புருஷனும் பெண்டாட்டியும். நிலம் அவர்களுடையது அல்ல. சொந்தக்காரர் கள்ளக்குறிச்சி டவுனில் இருந்தார். விளைவதில் பாதி அவருக்கு, பாதி இவர்களுக்கு; வாரம் என்பார்கள். எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. ஒவ்வொரு வருஷமும் சித்திரை பிறப்பதற்கு முன்னால் வெற்றிலை பாக்கு, பழம், ஒரு தேங்காய் வைத்துத் தட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவார்கள். அவர் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டால் அடுத்த வருஷமும் நிலம் இவர்களுக்கு. அவருடைய அப்பா காலத்திலிருந்தே அப்படித்தானாம்.

குட்டை வேண்டும் என்று கேட்டதே இந்தக் குடியானவர்தான். நிலத்தில் ஒரு மூலை வீணாகப் போகும் என்று சொந்தக்காரர் ஒப்பவே இல்லை. இவர் நடையாய் நடந்து, பாறையாகக் கிடந்த மூலையைக் காட்டி, கரையை நானே கட்டிக்கொள்கிறேன் என்று கெஞ்சி, பட்டாவில் பேர் உள்ளவர்தான் மனுப் போட முடியும் என்பதால் அவரை வண்டியில் உட்காரவைத்து ஆபீசுக்கும் கூட்டிப் போயிருக்கிறார். கரைக்குக் கல் சுமந்தது அந்த அம்மா. முதல் தடவை நான் போனபோது, "தண்ணி நின்னா போதும் மேடம், எங்களுக்கு இனிமே இன்னா கொறை?" என்று சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

நின்றது. நன்றாகவே நின்றது. அடுத்த தடவை பங்குனிக் கடைசியில் போகிறேன், சுற்றிலும் வெயில் பொரிக்கிறது, குட்டையில் இடுப்பளவுத் தண்ணீர். பக்கத்துக் கிணறும் ஊறியிருந்தது. ஆனால் இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. தை மாதத்திலிருந்தே சொந்தக்காரர் அடிக்கடி வந்து கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போகிறாராம். அன்றைக்குத்தான் தட்டு வைக்கிற நாள். நானும் கூட வந்தால் அவர் கொஞ்சம் யோசிப்பார் என்று அந்த அம்மா கேட்டாள். சொந்தக்காரரையும் நான் பார்த்துப் பேசவேண்டியிருந்தது. என் ஸ்கூட்டியில் அவர்கள் வண்டிக்குப் பின்னாலேயே போனேன்.

அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வாசலுக்கு வந்து கூப்பிட்டார். ஃபேனைப் போட்டார், மோர் கொடுக்கச் சொன்னார். திட்டத்தை வாயாரப் புகழ்ந்தார். தட்டு எதிரே ஸ்டூலில் இருந்தது. மோர் குடித்து முடித்தும் அவர் கை அந்தப் பக்கம் போகவில்லை. அந்த அம்மா வெற்றிலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவர் குடியானவரைப் பார்த்துச் சொன்னார்: "தப்பா நெனைக்காதப்பா. மெட்ராஸ்ல பையனுக்கு வேல பூடுச்சி. வூட்டுலதான் கீறான். இப்போ தண்ணி இருக்குது இல்ல, கரும்பு போடலாம்னு சொல்லிகினு கீறான். அவனும் பொழைக்கணுமே."

நான் சும்மா இருக்கவில்லை. அந்தத் தண்ணீரே இவர்கள் கொண்டுவந்ததுதானே ஐயா என்றேன், இரண்டு வருஷமாவது விடுங்கள் என்றேன், என் குரல் எனக்கே அசிங்கமாக உயர்ந்தது. அவர் கோபப்படவில்லை. நீங்கள் சொல்வது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டுவிட்டு, தட்டை அப்படியே தூக்கி அந்த அம்மா கையில் கொடுத்தார். பழத்தை வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்றார்.

என்ன வேலை பார்க்கிறேன் நான் என்று அன்றைக்குத் தோன்றியதுபோல் எப்போதும் தோன்றியதில்லை. என்னிடம் இருந்த கேள்விகளெல்லாம் குட்டையைப் பற்றியவை. தண்ணீர் நிற்கிறதா, எத்தனை மாதம் நிற்கிறது, நிலத்தின் மதிப்பு கூடியதா. எல்லாவற்றுக்கும் ஆமாம், ஆமாம்தான். நிலத்தின் மதிப்பு கூடினால் அதில் உழைத்தவன் வெளியே போவான் என்பதை, சென்னையில் உட்கார்ந்து யாரும் யோசிக்கவில்லை. அறிக்கையில் நான் அதை எழுதினேன். அதற்கு அது தனிப்பட்ட விவகாரம், திட்டத்தின் குறை அல்ல என்று பதில் வந்தது. ஊரில் அந்தக் குடியானவரை, சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவன் என்று கேலி பேசினார்களாம்.

அன்று திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இனிமேல் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். விவசாயத்தை விட்டால் வேறு தெரியாது என்றார், அவ்வளவுதான்.

அந்த அம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். அழுதிருந்தாள், ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"நீங்க நாலு ஊரு சுத்தறீங்க. எங்கியாவது நெலம் வாரத்துக்கு வுட்டா எங்களுக்குச் சொல்லுங்க மேடம். தண்ணி இல்லாத நெலமா பாத்துச் சொல்லுங்க. அதுன்னாதான் எங்க கையில இருக்கும்."