வடசேரிக்காரரின் வலது தோள்

என் அப்பா வென்ற மனிதர். அதைச் சாகும்வரை அவர் சொல்லிக்கொண்டிருந்தார், ஊரும் ஒத்துக்கொண்டது. வென்ற பிறகு நாங்கள் எதைத் தின்றோம் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

மட்டக்களப்பு வாவிக் கரையில் எங்கள் ஊர். யுத்தத்துக்கு முந்திய காலம். கண்ணகை அம்மனுக்குக் கொம்பு முறிக்கும் வழக்கம் அப்போது எங்கள் ஊரில் மும்முரமாக இருந்தது. வைரமான காட்டுமரத்தில் வளைவாக வெட்டிய இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, இரு பக்கமும் கயிறு கட்டி இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றவர்கள். இதற்காக ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். பிள்ளைகளுக்குத் தகப்பனின் சேரி. ஆகவே அப்பாவும் நானும் வடசேரி. அம்மாவும் அவளுடைய அண்ணனான மாமாவும் தென்சேரி. விளையாட்டு நடக்கும் நாட்களில் ஒரு சேரிக்காரர் மறு சேரிக்காரரின் வேலிவாசல் படலைக்குள் கால் வைக்க மாட்டார். ஒரே வீட்டுக்குள் புருஷனும் பெண்சாதியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோறு தின்பார்கள். இதனால் அம்மனின் மனம் எப்படிக் குளிரும் என்று கேட்கிற வயது எனக்கு இல்லை.

அப்பா வாவியில் வீச்சுவலை எறிகிறவர். மெலிந்து நீண்ட கை. அவர் தோளைச் சுழற்றி எறிந்தால் வலை பூவாக விரிந்து தண்ணீரில் விழும். மாமா முறிவு வைத்தியர். கழன்ற மூட்டைப் போடுவதிலும் முறிந்த எலும்புக்கு மருந்துப் பத்துப் போட்டுக் கட்டுவதிலும் அவரை விட்டால் சுற்றுவட்டாரத்தில் ஆள் இல்லை. கொம்பு தொடங்குவதற்கு முன்பே அவர் அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

"தங்கச்சி, மச்சானைக் கயித்தில முன்னுக்கு நிக்க வேணாமெண்டு சொல்லு. அது வலை எறியிற கை, நீளச் சதை. கெதியா வீசும், பாரம் தாங்காது. இழுக்கிறதுக்கு மண்வெட்டி பிடிக்கிற கட்டைச் சதைக்காரன் வேணும்."

அம்மா அப்படியே போய்ச் சொன்னாள். தென்சேரிக்காரன் சொன்ன புத்தி என்பதால் அப்பா முதல் ஆளாகப் போய்க் கயிற்றைப் பிடித்தார்.

பிடித்தாரா? மணிக்கட்டில் சுற்றிக் கட்டிக்கொண்டார். கயிற்றைக் கையில் சுற்றுவது அந்த நாளில் பெரிய வீரம். குதிகாலை மண்ணில் புதைத்து, இரு கைகளையும் முழங்கை மடியாமல் நீட்டி, பின்னால் சாய்ந்தார். பிற்காலத்தில் நான் தாதி வேலைக்குப் படித்தபோதுதான் அது எவ்வளவு பெரிய மடைத்தனம் என்று தெரிந்தது. அளவுக்கு மீறி நீண்ட சதைக்கும் பலமில்லை, அளவுக்கு மீறிச் சுருங்கிய சதைக்கும் பலமில்லை. கை கொஞ்சம் மடிந்திருந்தால் சதை பாரத்தை வாங்கும். கடைசிவரை நீட்டிவிட்டால் பாரமெல்லாம் மூட்டில் போய் விழும். தோள்மூட்டோ எல்லாப் பக்கமும் சுழல வேண்டும் என்பதற்காக ஆழமே இல்லாத கிண்ணத்தில் வைத்திருக்கிற எலும்பு. சுற்றிவர இருக்கும் சதைகள் இழுத்துப் பிடித்திருப்பதால்தான் அது அங்கே நிற்கிறது.

தென்சேரியின் கொம்பு முறிந்தது. கயிறு திடீரென்று தளர, எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் மல்லாந்து விழுந்தார்கள். மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட்டார்கள். அப்பாவின் மணிக்கட்டைக் கயிறு விடவில்லை. கயிற்றின் மேல் விழுந்தவர்களின் பாரம் அவருடைய வலது கையைத் தலைக்கு மேலால் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போனது. அவர் கத்தினார். வென்ற சந்தோஷத்தில் கத்துகிறார் என்று நினைத்து வடசேரிக்காரர் அவரைத் தூக்கித் தோளில் வைத்து ஆடினார்கள். நானும் பின்னால் ஓடினேன். எனக்கு அவ்வளவு பெருமை.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அப்பாவின் தோளில் உருண்டை இல்லை. பெட்டியின் மூலை மாதிரி இருந்தது. கை உடம்போடு ஒட்டாமல் விலகி நின்றது. அம்மா சேரிப் பகையை மறந்து அண்ணனிடம் ஓடினாள். பொழுது சாய்கிற நேரத்தில் மாமா எண்ணெய்ப் போத்தலோடு வந்து படலைக்கு வெளியே நின்றார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் செய்வார்கள். அந்த வீட்டையும் அந்தப் படலையையும் தங்கச்சிக்காகக் கட்டிக் கொடுத்தவர் இந்த மாமாதான்.

"மச்சான், ஒரு சொல் சொல்லுங்க. உள்ளுக்கு வாறன்."

முற்றத்தில் வடசேரி ஆட்கள் நிறைந்திருந்தார்கள். ஒருவர் சிரித்தார். "தோத்தவன்ட கையால வெண்டவன்ட தோளைப் போடுறதா? மறுகா ஊர் என்னகா சொல்லும்?"

அப்பா அவர்களுடைய முகங்களைப் பார்த்தார். விலகி நின்ற கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டார்.

"கொம்பெல்லாம் முடியட்டும்," என்றார். "மறுகா பாப்பம்."

"கொம்பு காத்திருக்கும் மச்சான், சதை காத்திருக்காது," என்றார் மாமா. "சதைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. கழண்ட எலும்பை இப்ப அது பயத்தில இறுக்கிப் பிடிச்சிருக்கு. இண்டைக்கெண்டா எண்ணெய் போட்டுத் தடவி, இளக்கி, எலும்பை உள்ளுக்கு விட்டிருவன். நாள் போனா அது அந்த இடத்திலேயே சுருங்கி இறுகிரும். மறுகா என்னாலயும் ஏலாது."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா படலைக்கு இந்தப் பக்கம், மாமா அந்தப் பக்கம். "இது என்ட வீடு, நீங்க வாங்க அண்ணன்" என்று அவள் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. இருட்டும்வரை நின்றுவிட்டு, எண்ணெய்ப் போத்தலை வேலியோரம் வைத்துவிட்டு மாமா போனார்.

கொம்பு விளையாட்டின் மிச்ச நாட்களெல்லாம் வடசேரிக்காரர் அப்பாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போய்த் திடலில் இருத்தினார்கள். வென்றவர்கள் தோற்றவர்களின் வாசலில் வசை பாடுவது வழக்கம். மாமாவின் வாசலில் கொஞ்சம் கூடுதலாகவே பாடினார்கள்.

அம்மனைக் குளிர்விக்கும் கடைசிச் சடங்கான குளிர்த்தி முடிந்தபிறகு மாமாவைக் கூப்பிட்டார்கள். அவர் உடனே வந்தார். அக்குளில் தன் பாதத்தை வைத்துக் கையைப் பிடித்து இழுத்தார். அப்பா போட்ட கூச்சலில் நான் காதைப் பொத்திக்கொண்டேன். நெஞ்சுச் சதை அந்த எலும்பைத் தன் பக்கம் இழுத்து, அங்கேயே இறுகிப்போயிருந்தது. கடைசியில் மாமா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"கை போயிற்று, தங்கச்சி."

அதன்பிறகு அப்பாவின் வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. வேலையில்லாத சதை வற்றி, தோளில் ஒரு பள்ளம் விழுந்தது. வலையை எலி அரித்தது. சிங்கம் என்று தூக்கி ஆடியவர்கள் ஒருநாளாவது ஒரு மீனைக் கொண்டுவந்து தரவில்லை. நன்றி கெட்ட கூட்டம் என்று இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அம்மா பெரிய வயற்காரரான போடியாரின் நெல்லைக் கூலிக்குக் குத்தத் தொடங்கினாள். கரடியனாற்றுப் பக்கமிருந்து வண்டியில் வரும் நெல்லை எங்கள் முற்றத்தில் இறக்குவார்கள். காலையிலிருந்து வெயில் சாயும்வரை உலக்கை அவளுடைய தலைக்கு மேலே போய்ப் போய் இறங்கும். அப்பாவின் தோள் வற்ற வற்ற அம்மாவின் தோள் திரண்டது.

மாமரத்து நிழலில் கதிரை போட்டு அப்பா இருப்பார். போகிற வருகிறவர்கள் கையைப் பற்றி விசாரித்தால் அவருக்கு ஒரே மறுமொழிதான்.

"என்ன செய்யிறது? மச்சான்காரன் தென்சேரி தானே. வேணுமெண்டுதான் பிந்தி வந்தவன்."

நானும் அங்கேதான் குத்திய அரிசியைக் கொழித்துக்கொண்டு இருப்பேன். மாமா படலையில் நின்ற அந்தப் பொழுது அப்பாவுக்கு மறந்துவிட்டது போலும் என்று எண்ணுவேன். அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் அம்மாவின் உலக்கை மேலே போன இடத்தில் சற்று நிற்கும். பிறகுதான் இறங்கும். அவள் மூச்சு வாங்குகிறாள் என்றே நான் நினைத்தேன்.