ஐந்துக்குப் பூஜ்யம்

என் மேசை இழுப்பறையில் பழைய விடைத்தாள் ஒன்று இருக்கிறது. நான்காம் கேள்விக்கு நேராகச் சிவப்பு மையில் ஒரு பூஜ்யம். போட்டது நான்தான். நல்ல வட்டமாகவே போட்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினோராம் வகுப்புக்குத் தமிழ் எடுத்தேன். பாடத்தில் ஒரு சிறு கவிதை. ஆற்றுத் தண்ணீர் சிவந்து வருகிறது. கரையில் நிற்கும் உழவனுக்குக் கண் நிறைகிறது. ஏன் என்பதுதான் அரையாண்டுத் தேர்வில் கேள்வி. மலையில் மழை பெய்து, செம்மண் கரைந்து, புதுவெள்ளம் வந்த மகிழ்ச்சி என்று நோட்ஸில் இருந்தது. அதைக் குரல் ஏற்றி இறக்கிச் சொல்வதைத்தான் கவிதை நடத்துவது என்று அன்று நினைத்திருந்தேன்.

வகுப்புத் தலைவி மட்டும் வேறு எழுதியிருந்தாள். தோல் பதனிடும் டேனரியின் கழிவுத் தண்ணீர் ஆற்றில் கலந்துவிட்டது, இனி நிலத்தில் ஒன்றும் விளையாது, அதனால் அழுகிறான் என்று. வேலூர்க் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கப்போவதாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்த பெண் அவள். விடைத்தாள் கொடுத்த அன்று, எல்லோரும் சிரிப்பார்கள் என்று அதை உரக்கப் படித்துக் காட்டினேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. அவள் எழுந்து நின்றாள்.

"எங்க ஊர்ல செவப்பா தண்ணி வந்தா யாரும் சந்தோஷப்பட மாட்டாங்க டீச்சர். அப்பா எங்க கெணத்தையே மூடிட்டாரு."

"பேப்பர் திருத்துறவங்களுக்கு உங்க கெணறு தெரியாதும்மா. நோட்ஸ்ல இருக்கறத எழுது."

மற்றவர்கள் விடைத்தாளை எடுத்துப்போனார்கள். அவள் தன்னுடையதை என் மேசையிலேயே விட்டுப் போனாள். அதற்குப் பிறகு நோட்ஸை வரி பிசகாமல் எழுதினாள், நல்ல மதிப்பெண் வாங்கினாள், கல்லூரியில் காமர்ஸ் எடுத்தாள்.

சில வருடங்கள் கழித்து அலமாரியை ஒழிக்கையில் அந்தத் தாள் கிடைத்தது. கவிதையைத் தேடி மறுபடி படித்தேன். அதில் மகிழ்ச்சி என்ற பேச்சே இல்லை. கண் நிறைந்தது என்பதோடு முடிந்துவிடுகிறது. மகிழ்ச்சியைச் சேர்த்தது நோட்ஸ் எழுதியவரும் நானும். வெட்கமாக இருந்தது. இப்போதெல்லாம் வகுப்பில் நோட்ஸை மூடச் சொல்லிவிட்டு, வரியில் இருப்பது என்ன, நாமாகச் சேர்ப்பது என்ன என்று கேட்கிறேன். நல்ல டீச்சர் என்று பெயர்கூட வந்துவிட்டது.

அந்தப் பெயர் வந்த பிறகுதான் ஒருநாள் பேரணாம்பட்டு பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். ஷூ கம்பெனி ஆபீசில் வேலை என்றாள். கவிதை படிப்பதுண்டா என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். எனக்கு அதெல்லாம் தப்பு தப்பாத்தான் புரியும். அன்னிக்கே விட்டுட்டேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். "பஸ் வந்துடுச்சு, வர்றேன் டீச்சர்," என்று ஓடிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பூஜ்யத்தை அடித்துவிட்டு ஐந்து போட்டேன். மதிப்பெண்ணைத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி, போட்டிருக்கிறேன். வாங்கிக்கொள்ள வேண்டியவள்தான் வரவில்லை.